பெட்டிக்கு முன்பே தெரிந்திருந்த கேள்விகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ‘சந்தேகம்’ என்று பட்டப்பெயர். கணினிகளுக்கிடையே தகவலைக் கடத்தும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டிகளைச் சோதித்து, எதை வாங்கலாம் என்று சொல்வது அவள் வேலை. இந்த ஸ்விட்சுகள் சொந்தப் புத்தியில் ஓடுபவை அல்ல. எந்தத் தகவல் எந்த வழியில் போக வேண்டும் என்று மையத்திலிருக்கும் மென்பொருள் கட்டளையிடும். ஸ்விட்ச் அதை ஏற்றிக்கொண்டு ‘ஆச்சு’ என்று பதில் அனுப்பும். அந்த ‘ஆச்சு’வை மட்டும் அவள் நம்பவே மாட்டாள். ஏற்றாமலே ஏற்றிவிட்டதாகச் சொல்லும் பெட்டிகளை நிறையப் பார்த்தவள். அடுத்த கணமே தகவலை அனுப்பி, கையும் களவுமாகப் பிடிப்பாள்.

இதையெல்லாம் வீட்டில் பேச ஆரம்பித்தால் கணவர் கொட்டாவி விடுவார். மாடியில் குடியிருந்த நாத்தனார்தான் ஆசையாகக் கேட்பாள். அவளும் ஒரு ஸ்விட்ச் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தாள்.

“எந்த முகவரியிலேர்ந்து ஆரம்பிப்பீங்க அண்ணி? எந்த வரிசையில அனுப்புவீங்க?”

துணி மடித்துக்கொண்டே இவள் எல்லாவற்றையும் சொன்னாள். காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம்.

சில மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் பெட்டியே சோதனைக்கு வந்தது. நாத்தனார் அங்கே வேலை செய்வதை இவள் மேலாளரிடம் சொல்லிவிட்டாள். “அளந்து பார்க்கிற வேலைதானே, நீங்களே பாருங்க” என்றார் அவர். பெட்டி மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. ஒரு ‘ஆச்சு’கூடப் பொய்யில்லை. அன்று நாத்தனாரை நினைத்து அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சோதனைத் தகவல் போக வேண்டிய முகவரியில் ஓர் எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டாள். ‘ஆச்சு’ என்றது பெட்டி. தகவல் போய்ச் சேரவில்லை. தன் பிழைதான் என்று திருத்தினாள். பழையபடி பறந்தது. வேண்டுமென்றே வேறொரு சரியான முகவரிக்கு மாற்றினாள். மறுபடி படுத்துக்கொண்டது. அவள் வழக்கமாக அனுப்பும் முகவரிகளுக்கு மட்டும் தனிக் கவனிப்பு! அவற்றை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாடியேறினாள்.

“நான் சொன்னதையெல்லாம் அங்க கொண்டுபோய்க் குடுத்தியா?”

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “எல்லாரும் செய்யறதுதான் அண்ணி. எனக்கும் வேலை நிலைக்கணும்ல? அண்ணன்கிட்ட கேட்டுட்டுத்தான் செஞ்சேன்.”

கீழே வந்து கணவரைக் கேட்டாள். அவர் டிவியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

“ஒரு பெட்டிக்குப் போயி... கூடப் பிறந்தவ பொழச்சுப் போகட்டுமே. உனக்கு என்ன குறைஞ்சுது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ விடுவியா?”

நாத்தனார் செய்தது கோபத்தைத்தான் மூட்டியது. கணவரின் இந்த ஒரு கேள்விதான் அவளை இடிந்துபோய் உட்காரவைத்தது. இத்தனை நாளும் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் பேசப் பேச, அவர் தெரிந்துகொண்டே தட்டைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் மேலாளரிடம் தன் வாயிலிருந்து போனது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். சோதனை முறையை முழுக்க மாற்றினார்கள். அதை மாற்றும் குழுவில் அவளைச் சேர்க்கவில்லை. கேபிள் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். ‘சந்தேகம்’ என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை.

நாத்தனாருக்கு வேலை போகவில்லை. வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். விடுமுறை நாட்களில் தங்கையைப் பார்க்கக் கிளம்பும்போது கணவர் வாசலில் நின்று, “நீயும் வாயேன்” என்பார். அவள் கதவைச் சாத்திக்கொள்வாள்.