ஜமக்காளத்தின் மேல் ஓர் எடைமெஷின்

தராசின் மேல் கால் வைக்க மாட்டேன் என்று என் வீட்டுக்காரர் அடம்பிடித்தார். இதயத்துக்கு வைத்தியம் பார்த்து வேலூரிலிருந்து அவரைக் கூட்டி வந்த வாரம் அது. கிளம்பும்போது டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, இதயம் இறைக்க முடியாமல் உடம்பில் தேங்குகிற தண்ணீர். உடனே வாருங்கள், விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும்.

இதை எனக்கு முன்னால் புரிந்துகொண்டவரே என் வீட்டுக்காரர்தான். நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுத்து, புடவையாக நிறுத்து வாங்குவது அவர் தொழில். "ஈரம் குடிச்ச பட்டு மாதிரி, டாக்டர். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, தராசுல வெச்சாதான் தெரியும்" என்றார். டாக்டருக்குச் சந்தோஷம். இப்படி ஒரு நோயாளி கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் வினை. சென்னையில் இருக்கும் மகள் ஆன்லைனில் தள்ளுபடி விலையில் ஓர் எடைமெஷின் வாங்கி அனுப்பினாள். கறுப்புக் கண்ணாடிப் பலகை மாதிரி இருந்தது. ஏறி நின்றால் எண் காட்டும், போனுக்கும் தானே தகவல் அனுப்பும். பெட்டியைப் பிரித்துக் குளியலறை வாசலில் வைத்தேன். அவர் சுற்றிச் சுற்றி வந்தாரே தவிர ஏறவில்லை.

கடையில் அவர் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் தராசைத் துடைப்பார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அதன் பிறகுதான் யாராக இருந்தாலும் வியாபாரம் பேச முடியும். கால் தவறிப் பட்டால்கூடக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவரை வெறுங்காலோடு ஏறி நில் என்றால்?

"லட்சுமி மேல ஏறி நிக்கச் சொல்றியா?"

"லட்சுமிக்கு ஒண்ணும் ஆவாதுங்க. உங்களுக்கு ஏதாவது ஆனா எனக்குதான் பேஜாரு" என்றேன்.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். கால் கழுவித் துடைத்துக்கொள்வார், குனிந்து மெஷினைத் தொட்டுக் கும்பிடுவார், பிறகு ஏறுவார். பல் விளக்கியதும் இந்தச் சடங்கு நடக்கும். நான் சமையலறையிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

மகள் என் போனில் அந்த மெஷினுக்கான ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அது எடையோடு விடாது. கொழுப்பு இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு, எலும்பு இவ்வளவு என்று பிரித்துப் பிரித்துச் சொல்லும். அவருக்கு அதில் நம்பிக்கையே இல்லை. "ஜரிகையில எவ்ளோ வெள்ளி, எவ்ளோ செம்புன்னு பாக்கவே ஒரு துண்டு வெட்டி டெஸ்டுக்குக் குடுக்கணும். இது வெட்டாமகூட எப்டி எலும்பத் தனியா நிறுத்துச்சு?" என்று கேட்டார். என் உடம்பின் வயது என் நிஜ வயதைவிட ஏழு கூட என்று அது சொன்ன நாளிலிருந்து எனக்கும் அதன் மேல் கொஞ்சம் கோபம்தான்.

ஆயுத பூஜை வந்தது. கடைப் பூஜையை முடித்துவிட்டு வந்தவர், குளியலறை வாசலிலிருந்த எடைமெஷினைத் தூக்கித் துடைத்து, மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, விளக்குக்கு முன்னால் சாய்த்து வைத்தார். கடைத் தராசுக்குச் செய்வதை வீட்டுத் தராசுக்குச் செய்தார், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மறுநாள் நான் அதைப் பழைய இடத்துக்கு எடுத்துப் போனபோது கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"பூஜை பண்ணதைக் கொண்டாந்து பாத்ரூம் வாசல்ல, அதுவும் வெறுந்தரையில போடுவியா?"

கூடத்து மூலையில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் மெஷினை வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிவப்பு ஜமக்காளம், கறுப்புக் கண்ணாடி. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அன்று காலையே அவர் எடை இரண்டு கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தது. எனக்கோ மூன்று. உப்பில்லாமல் சமைத்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, நாக்கு செத்துப் போய் நாங்கள் பட்ட பாட்டுக்குப் பலன் என்று இருவருமே நம்பினோம். போனில் பச்சை எழுத்தில் வாழ்த்து வேறு வந்தது. பெரணமல்லூரில் இருக்கும் என் தங்கைக்கு உடனே போன் செய்து, எல்லாம் காலையில் குடிக்கிற சீரகத் தண்ணீரின் மகிமை என்று அடித்து விட்டேன். அவளும் அன்றே குடிக்க ஆரம்பித்தாள். எதிர் வீட்டம்மாவுக்கும் சொன்னேன். பழைய ரவிக்கைகளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நுழையவில்லை. துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்று மடித்து வைத்துவிட்டேன்.

அவர் தன் பங்குக்குப் பேரத்தில் இறங்கினார். "எடதான் எறங்கிடுச்சே. ஒரு துண்டு ஊறுகா போட்டா இன்னா?" போட்டேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து இந்த மனுஷன் முகம் வாடுவதை எத்தனை நாள்தான் பார்ப்பது? ஊறுகாய்க்குப் பிறகு அப்பளம் வந்தது, அப்பளத்துக்குப் பிறகு மோர்மிளகாய். எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் செய்தது. ஆனால் வேலூரில் சொல்லி அனுப்பிய அளவைத் தாண்டவில்லை, அதனால் கவலைப்படவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, மழைக்கால ஈரம் என்றார். தலைக்கு இன்னொரு தலையணை கேட்டார், எடுத்துக் கொடுத்தேன்.

எனக்குச் சர்க்கரை பார்க்க வேண்டிய நாள் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போவேன். அங்கே நர்ஸ் எடை பார்க்கச் சொன்னபோது, கொஞ்சம் பெருமையாகவே ஏறினேன். பழைய எடைதான் காட்டியது. ஒரு கிராம் குறையவில்லை.

"உங்க மெஷினு தப்பும்மா. எங்க வீட்ல போன்லயே காட்டுது" என்றேன்.

அந்தப் பெண் தானும் ஏறிப் பார்த்தாள். "எனக்குக் கரெக்டாதான் காட்டுதுங்க. வீட்ல எதுமேல வெச்சிருக்கீங்க? பாய், துணி மேல வெச்சா கம்மியா காட்டும். கெட்டித் தரையில வெக்கணும்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. மூன்று கிலோவைக் கண்முன்னால் பறிகொடுத்தவளாக ஆட்டோவில் ஏறினேன். தங்கைக்கு என்ன சொல்வது, சீரகத் தண்ணீருக்கு என்ன சமாதானம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர்க் கோட்டைப் பக்கம் திரும்பும்போதுதான் மண்டையில் உறைத்தது. என் எடையைக் குறைத்துக் காட்டிய மெஷின், அவர் எடையையும் குறைத்துத்தானே காட்டியிருக்கும். "ஜல்தியா போப்பா" என்று டிரைவரிடம் சொன்னேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டில் மோர்மிளகாய். நான் ஜமக்காளத்தை உருவி எறிந்துவிட்டு மெஷினைச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தினேன். அன்று கும்பிடக்கூட விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இருந்த எடையைவிட நாலரை கிலோ கூட இருந்தது.

அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டியை விலக்கி அவர் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. எனக்குப் பயம் வந்தது. நாற்பது வருஷமாகக் கூட இருக்கிற மனுஷன், கண்முன்னால் தண்ணீராக ஊறிக்கொண்டிருந்திருக்கிறார், நான் ரவிக்கை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

வாடகைக் காரில் வேலூருக்குப் போகும் வழியில் அவர்தான் முதலில் பேசினார்.

"தராசுக்கு மரியாத பண்ணேன். அது என்னையே ஏமாத்திடுச்சி பாரு."

"தராசு ஏமாத்தல. நீங்கதான் அதுக்கு மெத்த போட்டீங்க" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. வண்டி கண்ணமங்கலம் தாண்டும்வரை அவர் கையை நான் விடவில்லை.

ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். ஒரு கிலோ, இன்னும் அரை கிலோ என்று எடை குறையக் குறைய எனக்கு உயிர் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மூச்சே விட முடியாமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஜமக்காளத்துக்கு டாக்டர் திட்டவில்லை. மோர்மிளகாய்க்குத் திட்டினார், அதுவும் என்னை.

இப்போது எடைமெஷின் வெறுந்தரையில் இருக்கிறது. அவரிடம் ஒரு மாற்றம். கடையில் எப்போதும் தராசின் எண்ணை வேறு யார் படித்துச் சொன்னாலும் நம்ப மாட்டார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே குனிந்து பார்ப்பார். கணக்குப்பிள்ளை சொன்னாலும் அப்படித்தான், கூடப்பிறந்த தம்பி சொன்னாலும் அப்படித்தான். அந்த மனிதர் வீட்டில் மெஷின் மேல் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நீயே பாத்துச் சொல்லு" என்கிறார். பயந்துவிட்டார் பாவம். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். நானும் கேட்டதில்லை. பார்த்துச் சொல்கிறேன், "அப்படியா" என்று இறங்கிப் போகிறார்.

போன வாரம் ஒரு காலை. மகள் குழந்தையோடு வருவதாக இருந்தது. பேத்தியைப் பார்க்கிற குஷியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்து ஏறினார், கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்து பார்த்தேன். முந்தின நாளைவிட ஒன்றே முக்கால் கிலோ கூட. அவர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நேற்று மாதிரியேதான் இருக்குது என்று சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அப்படியே நம்புவார். அவர் நம்புவார் என்பதுதான் என் வாயை அடைத்தது.

இருந்ததைச் சொன்னேன்.

பாட்டு நின்றது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "சரி, டாக்டருக்குப் போன் போடு" என்று சொல்லி இறங்கினார்.