வேலாயுதன் முறை

“சங்கிலியோட வந்தவனுக்கு ஊரு எது? போயி என்னத்தப் பாக்கப்போற?”

மலாக்காவில் நான் பயணப்பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளைக்காரன் காலத்தில் கைதியாகக் கப்பலேற்றப்பட்ட எங்கள் மூதாதையைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருந்தவை இரண்டே சொற்கள்: வேலாயுதன், சண்டிலிப்பாய்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு யாழ்ப்பாணத்தில் சண்டிலிப்பாய் பஸ் ஏறினேன். மானிப்பாய் வழியாகப் பத்துக் கிலோமீட்டர். கட்டணம் எழுபது ரூபாய். கண்டக்டரிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். வேலாயுதன் இல்லாத ஒழுங்கையோ சந்தோ அந்த ஊரில் கிடையாது என்றார். பஸ்ஸே சிரித்தது.

பத்து மணிவரை மூன்று வீடுகளில் கேட்டேன். பெயரைச் சொன்னதும் முகங்கள் இறுகின. நான்காவது வீட்டு வாசற்படலையில்தான் காரணம் விளங்கியது. கடல் கடந்து வந்து பாட்டன் பெயரை விசாரிப்பவர்கள் காணிப் பங்கு கேட்கத்தான் வருவார்களாம். அங்கே இருந்த, புகையிலைத் தோட்டம் செய்யும் தவமணி அக்கா நேராகவே கேட்டார்.

“தங்கச்சி, காணிக்கோ வந்தனீர்?”

“நிலம்லாம் வேணாம்க்கா. அவரு இந்த ஊருதான்னு யாராவது சொன்னாப் போதும்.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். நான்கு குடும்பங்களுக்குப் பொதுவான கிணறு. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்து இறைக்கிறார்கள். அவர் கணவர் மண்வெட்டியோடு பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

“இஞ்சேருங்கோ, இண்டைக்கு ஆரின்ரை முறை?”

அவர் நிமிரவில்லை. “வேலாயுதன்ரை. ஏன், உமக்குத் தெரியாதோ?”

பம்பு இரைந்துகொண்டிருந்தது. அக்கா என் தோளில் கைவைத்தார். “தண்ணிச் சண்டையிலை ஆளை வெட்டிப்போட்டுக் கப்பலேறினவர். வெட்டுப்பட்டது எங்கடை ஆள்தான். காணியும் எங்களிட்டை வந்திட்டுது. முறையின்ரை பேரை மட்டும் ஒருத்தரும் மாத்தேல்லை.”

வெட்டியவர்தான். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் அவரை ஏற்றிய கப்பல் போன பிறகும், நான்கு நாளுக்கு ஒருமுறை அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த மண் நனைந்திருக்கிறது. மண்வெட்டியை வாங்கி நானும் தண்ணீர் திருப்பப் பார்த்தேன். வரம்பு உடைந்து, பாதை வெள்ளமாயிற்று.

“வேலாயுதன்ரை ஆக்கள் இன்னும் வெட்டுறதை விடேல்லை” என்றார், இதற்குள் நான் யாரென்று விளங்கிவிட்ட அக்காவின் கணவர்.

பின்னேரம் சங்கானைச் சந்தையில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு எனக்கென்று ஒரு மண்வெட்டி வாங்கினேன். அடுத்த முறை வெள்ளிக்கிழமை வருகிறது. புதன்கிழமைக் கொழும்பு பஸ்ஸில் பிடித்திருந்த இருக்கையை ரத்துச் செய்துவிட்டேன்.