கிரேன் கேபினை எட்டிப் பார்த்த கேமரா

என் தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதி கடலில், பாதி வீட்டில். ஒருமுறை லீவுக்கு வந்தபோது, தனக்குப் பெரிய கேமரா வாங்கிவிட்டதாகச் சொல்லி, பழைய சின்ன கேமராவை என் கையில் வைத்தான். பயணம் போகிறவர்களுக்கென்றே செய்தது, பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தூரத்தில் இருப்பதை முப்பது மடங்கு கிட்டே இழுத்துக் காட்டும் என்றான்.

எனக்கு என்ன பயணம்? காலடிப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. அங்கே ஒரு மருந்து மொத்தக் கடையில் பில் போடும் வேலை. சாயங்காலம் அதே ஆட்டோவில் திரும்பி வருவேன். கேமராவை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டத்தான் நினைத்தேன். தம்பி விடவில்லை. மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கடல் பக்கம் காட்டிப் பொத்தானை அழுத்தச் சொன்னான். லென்ஸ் குழாய்க்குள் குழாயாக நீண்டு வந்தது. துறைமுகத்துக்குள் போக இடம் கிடைக்காமல் கடலில் நிற்கும் கப்பல்கள் எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் சும்மா கோடு போட்ட மாதிரி தெரியும். அன்றைக்கு அதில் ஒரு கோடு கப்பலாகவே ஆகிவிட்டது. முன்பக்கம் எழுதியிருந்த பெயரைப் படிக்க முடிந்தது. மேல்தளத்தில் ஒரு மனிதர் பனியனைப் பிழிந்து கயிற்றில் உலர்த்திக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கடலுக்கு நடுவில் துணி காயப்போடுகிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. என் போனை எடுத்து அதே இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கேமரா என் கைப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர் வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். கழிமுகத்தில் சேற்றில் நிற்கும் கூழைக்கடாக்களின் கண்ணைச் சுற்றியிருக்கும் தோல்வரை படத்தில் விழுந்தது. பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி. பறவையைப் பயமுறுத்தாமல், சேற்றில் காலை வைக்காமல், ரோட்டோரத்தில் நின்றபடியே இதையெல்லாம் எடுக்கலாம். கழுத்தில் பெரிய பெட்டி தொங்காததால் யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் மட்டும், "அந்த மூக்கு நீட்ற டப்பாவ காட்டுக்கா" என்று கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள்.

குறையும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. வெளிச்சம் குறைந்தால் அதனால் ஒன்றும் முடியாது. சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷனுக்கு எடுத்துப்போனேன். மண்டபத்து விளக்கில் மணப்பெண்ணின் முகம் மாவைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வந்தது. உள்ளே படத்தை வாங்கிக்கொள்கிற சென்சார் நகம் அளவுதான் இருக்கும், அதில் இவ்வளவு தூரத்தை அடைத்தால் வெளிச்சத்துக்கு எங்கே இடம் என்று தம்பி போனில் விளக்கினான். உச்சிவெயிலில் திரையில் என் முகம்தான் தெரியும், படம் தெரியாது. பேட்டரியும் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி, வேண்டிய நேரம் பார்த்துக் கண்ணைச் சிமிட்டும். இருந்தும் எனக்கு அதன்மேல் கோபம் வந்ததில்லை.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் வைக்கும் பெரிய கிரேன். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அதே வேலைதான். ஆனால் அவர் வேலை செய்வதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளே குடும்பத்தை விட மாட்டார்கள். லிஃப்டில் ஏறுவார், கேபினில் உட்காருவார், இறங்குவார், அவ்வளவுதான் நான் அறிந்தது. வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தரையில் படுத்துவிடுவார். ஏசி போட்ட ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குக் கழுத்து எதற்கு வலிக்க வேண்டும் என்று நானும் மகளும் கிண்டல் செய்வோம். அவரும் சிரித்துக்கொள்வார். பேச்சு குறைவு அவருக்கு.

இந்த வருஷம் வலி அதிகமாகிவிட்டது. சட்டையில் கையை நுழைக்கவே முகத்தைச் சுளித்தார். பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் ஒரு இளம்பெண் பார்க்கிறாள். என்ன வேலை என்று அவள் கேட்டபோது இவர், "உக்காந்து பாக்குற வேலதாம்மா" என்று முடித்துவிட்டார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்குச் சொல்கிற உடற்பயிற்சிகளை அவள் சொல்லிக்கொடுத்தாள். ஒழுங்காகச் செய்தார். வலி ஒரு இம்மியும் குறையவில்லை.

கடையில் என்னோடு பில் போடும் பெண் ராயபுரத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அவளிடம் கேமராவைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் தங்கள் பிளாட் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன் எல்லாம் வரிசையாகத் தெரியும் என்றாள். "உங்க வூட்டுக்காரர் அதுலதானேக்கா கீறாரு? வந்து பாரேன்."

அன்று வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார். ஒருமுறை மீன்பிடித் துறைமுகத்தில் நான் கேமராவை நீட்டியபோதே, பெரிய துறைமுகம் பக்கம் எடுக்கக் கூடாது என்று ஒரு போலீஸ்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். இவர் அதை ஞாபகப்படுத்தினார். எனக்கு எதையும் எடுத்து ஊருக்கு அனுப்பும் எண்ணம் இல்லை, நீங்கள் உட்காரும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்றேன். கடைசியில், "பாத்துக்கோ. ஒர்த்தருக்கும் அனுப்பாத" என்றார். எந்தக் கிரேன் என்பதையும் சொன்னார்.

முதல் தடவை, அவருக்கு மத்தியான ஷிப்ட் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தோழியின் மாடியிலிருந்து பார்த்தால் விசைப்படகுகள், ஐஸ் கட்டி உடைக்கும் இடம், அதற்கப்பால் ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்தை நீட்டிய கிரேன்கள். எங்கள் கிரேனைக் கண்டுபிடித்து, ஜூமைக் கடைசிவரை இழுத்தேன். கிரேன் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது. தகரக் கூரைகளிலிருந்து எழும்புகிற சூடு அது. எவ்வளவு பெரிய லென்ஸாக இருந்தாலும் அந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று தம்பி பிறகு சொன்னான். என் கையும் நடுங்கியது. அந்தத் தூரத்துக்கு இழுத்தால் மூச்சு விட்டாலே படம் எங்கேயோ ஓடிவிடுகிறது. திரையோ வெயிலில் வெறும் கண்ணாடி. தோழி தன் துப்பட்டாவை என் தலைக்கு மேல் கூடாரம்போல் பிடித்துக்கொண்டாள். அப்போதும் தேறவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. நிலக்கரித் தூசியெல்லாம் கழுவிப்போய் எங்கள் பக்கத்துக் காற்று வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாக இருந்தது. அவருக்குக் காலை ஷிப்ட். நான் கடைக்குப் போகுமுன், தண்டையார்பேட்டையில் இறங்காமல் நேராக ராயபுரத்துக்குப் போனேன். தோழி ஒரு தலையணையைக் கொண்டுவந்து கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். அதன்மேல் கேமராவைப் பதித்து வைத்தேன். கை ஆட்டம் நின்றது.

கேபின், கிரேனின் நீண்ட கைக்கு அடியில், கண்ணாடிக் கூண்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பெட்டியோடு கூடக் கப்பல்மேல் போகிறது, பெட்டியோடு கூடக் கரைக்கு வருகிறது. கப்பல் பக்கம் போய் நின்ற நேரத்தில் பின்னால் வெள்ளை மேகம் வந்தது. கண்ணாடி வழியாக உள்ளே இருப்பது நிழலாக, அச்சாகத் தெரிந்தது. ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு மனிதர். கழுத்தில் துண்டு. அவர் முன்னால் பார்க்கவில்லை. முதுகை மடக்கி, தலையை முழங்கால்களுக்கு நடுவில் தொங்கவிட்டு, காலடியில் இருந்த கண்ணாடித் தரை வழியாக நேர்கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கீழே இருக்கிறது, லாரி கீழே இருக்கிறது, ஆட்கள் கீழே இருக்கிறார்கள். வேறெங்கே பார்ப்பார்?

நான் படத்தை எடுத்துவிட்டேன். பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேபின் போனது, வந்தது. அவர் நிமிரவே இல்லை. பக்கத்தில் நின்ற தோழி, "இன்னாக்கா, கண்ணு கலங்குது?" என்றாள். வெயில் என்றேன். வெயிலே இல்லை அன்றைக்கு.

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் திரையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினால் முகம் கருப்புக் கட்டங்களாக உடைந்தது. அங்கேதான் அந்தச் சின்ன கேமராவின் எல்லை. மூக்கு எது, வாய் எது என்று சொல்ல முடியாது. ஆனால் முதுகு வளைந்த விதம் அச்சு அசலாக இருந்தது. அவர் தன்னையே வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் முறை. "இப்டியா குந்திகினு கீறேன்?" என்று மெதுவாகக் கேட்டார். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பதாக இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறார்.

கல்லூரியிலிருந்து வந்த மகளும் கேமராவை வாங்கிப் பார்த்தாள். ஜூமைக் குறைத்து எடுத்த இன்னொரு படத்தில் முழுக் கிரேனும், அதில் பட்டாணி அளவில் கேபினும், அடியில் கப்பலும் கடலும் இருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா, அவ்ளோ மேலயா? பயமா இருக்காதா?"

"மொத வர்சம் பூரா பயந்துகினுதான் ஏறினேன்," என்றார் அவர். "காலுக்குக் கீய கண்ணாடி. காத்து அடிச்சா அப்டியே ஆடும். எறங்கிடலாம்னு டெய்லி தோணும்."

நான், இதை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். சொன்னால் நீ போக விட்டிருப்பாயா என்று திருப்பிக் கேட்டார். அன்று மூவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். புயல் எச்சரிக்கை வந்தால் கிரேன் கையை எப்படித் தூக்கிக் கட்டுவார்கள், மேலேயிருந்து பார்த்தால் மீன்பிடிப் படகுகள் திரும்பிவரும் காலை எப்படி இருக்கும் என்றெல்லாம் அவராகவே சொன்னார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் கேமராவையே கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். யாருக்கும் அனுப்பக் கூடாது என்று சொன்னவர், அவராகவே அதைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நாள் பூரா இப்படியேவா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு, கேபினில் உட்காருகிற மாதிரி உட்காரச் சொன்னாள். கழுத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பழைய பயிற்சிகளில் பாதியை நிறுத்திவிட்டு வேறு சொல்லிக்கொடுத்தாள். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை மேலே ஏற்றுவது, ஆள் மாற்றி விடுகிற இடைவேளையில் கொஞ்ச நேரம் மல்லாந்து படுப்பது. கூடவே, கேபினிலிருந்து இறங்கியதும் போனைக் குனிந்து பார்க்கக் கூடாது என்றாள். அதற்குத்தான் அவர் முகம் வாடியது.

வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வேலையில் இருக்கும்வரை அது போகாது என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டாள். ஆனால் சட்டை போட இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை. வலி மாத்திரையும் என்றைக்கோ ஒருநாள்தான். தூக்கத்தில் முனகுவதும் நின்றிருக்கிறது. நாங்களும் ஏசி ரூம் கிண்டலை விட்டுவிட்டோம்.

நடுவில் கேமராவுக்கும் ஒரு கண்டம் வந்தது. எண்ணூரில் காற்றடித்த ஒரு நாளில் மணல் உள்ளே போய், லென்ஸ் பாதி நீண்டு கரகரவென்று நின்றுவிட்டது. கடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சாதி கேமராவில் உள்ள பெரிய குறை இதுதான். குழாய்க்குள் குழாய் என்பதால் மண்ணும் உப்பும் சுலபமாகப் புகுந்துவிடும். பாரிமுனையில் ஒருவர் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தார். இப்போது லென்ஸ் நீளும்போது லேசாக ஒரு முனகல் கேட்கிறது. படத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

தம்பி அடுத்த லீவில் வந்தபோது, அவனுடைய பெரிய கேமராவை எனக்குத் தந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வாங்கித் தூக்கிப் பார்த்தேன். மண்டபத்து விளக்கிலும் பளிச்சென்று எடுக்கும் என்றான். எடுக்கட்டும். அதற்கு என் கைப்பையில் இடமில்லை, டிபன் பாக்ஸை நான் எங்கே வைப்பேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.