அக்கா வீட்டு ஆள்

உமாராணிக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. பிறர் வாய் வைத்த தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். தென்காசியில் பிறந்தும் சீசன் நேரத்தில் குற்றாலம் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். ஊர்ப்பட்ட எண்ணெயும் ஷாம்புவும் வழிகிற தண்ணீரில் தலையைக் கொடுப்பதாவது! "இவல்லாம் என்னத்த நர்ஸு வேல பாக்குதாளோ!" என்று மாமியார் முப்பிடாதியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கேலி பேசுவாள்.

அந்த அருவருப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. கழுத்து வழியாக, இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தநாளம்வரை இறக்கும் குழாயை எப்படிப் பராமரிப்பது என்பதுதான் முக்கியப் பாடம்.

"கேளுங்கட்டி, இங்கன அழுக்கு பட்டா நேரா ரத்தத்துக்குள்ளதான் போவும். கை கழுவாமத் தொடப்பிடாது. பிளாஸ்திரியத் தூக்கிப் பாக்கப்பிடாது. எந்தக் கொம்பன் வந்தாலும் கிட்ட விடப்பிடாது."

சிவகிரிக்காரி காளீஸ்வரிதான் அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரி. அவள் டூட்டியில் ஒரு குழாய்கூடக் கெட்டதில்லை.

இந்த ஆடியில் முப்பிடாதியம்மாளுக்குச் சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் செய்யக் கழுத்தில் அதே குழாயைப் போட வேண்டியதாயிற்று. காளீஸ்வரி பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில் உமாராணி வகுப்பெடுக்கப் போனாள்.

திரும்பி வந்தவளுக்குக் குமட்டியது. கொழுந்தன் பாண்டித்துரை குடும்பத்தோடு ஐந்தருவியில் குளித்துவிட்டு நேரே வந்திருந்தான். எண்ணெய் போகாத தலைகள், சொட்டுகிற துண்டுகள், கையில் நேந்திரங்காய் சிப்ஸ். எல்லோரும் கட்டில்மேல் குனிந்து நிற்க, காளீஸ்வரி பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். பாண்டித்துரை சிப்ஸ் தின்ற விரலால் குழாயைத் தொட்டு, "வலிக்காம்மா?" என்று கேட்டான்.

"சீ! கைய எடுங்க! எல்லாரும் வெளிய போங்க!"

"பெத்த தாயத் தொட இவ உத்தரவு வேணுமாக்கும்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். மாமியாரும் விடவில்லை. "எம்புள்ள தொட்டா என்னட்டி ஒட்டிக்கிடும்?"

உமாராணி கையைக் கழுவி, உறை மாட்டி, குழாயின் முனையை மருந்து வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துப் புதுக்கட்டு போட்டாள்.

இரண்டு நாள் கழித்து, டயாலிசிஸ் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கிழவிக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். ரத்தத்தில் கிருமி. குழாயை எடுத்துவிட்டார்கள். பிழைப்பாளா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

உமாராணி காளீஸ்வரியைத் தனியே இழுத்துப் போனாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேட்டி. வேற பேஷண்டுன்னா உள்ள விட்டிருப்பியா?"

"சத்தியமா விட்டிருக்க மாட்டேங்கா. வாசலத் தாண்ட விட்டிருக்க மாட்டேன்." காளீஸ்வரி தேம்பினாள். "இவுக உங்க வீட்டு ஆளுகல்லா? வெளிய போங்கன்னு எப்படிக்கா சொல்லுவேன்? மரியாதையா இருக்காதேன்னுதான்..."

மரியாதை! அந்தச் சொல்லைக் கேட்டதும் உமாராணிக்கு மறுபடியும் குமட்டியது. இத்தனை வருஷத்தில் கண்ட சீழும் வாந்தியும் இந்த அளவுக்கு நாறியதில்லை.

மாமியாரின் பக்கத்துக் கட்டிலில் திருவேங்கடத்துக்காரர் ஒருவர், ஆஸ்பத்திரியில் யாருக்கும் சொந்தமில்லாதவர், கழுத்தில் அதே மாதிரிக் குழாயோடு, காய்ச்சல் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.