வெங்காயம் போடாத வடை

எங்கள் அயலில் என்னைப் பெரிய ஆஞ்சநேய பக்தை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் கோயிலுக்கு என்று சொல்லி நான் போனது யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு. எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. என்னவருக்கும் இருக்கிறது. எப்படி வந்தது என்பது நாங்கள் இருவரும் சண்டை பிடித்து, அழுது, முடித்துவிட்ட கதை. அதை இங்கே கிளற மாட்டேன். நாளாந்தம் மருந்துக் குளிசை போடுகிறோம், புத்தூர் வெயிலில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுகிறோம், நன்றாகச் சாப்பிடுகிறோம். ஊருக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் கிணற்றடிக்கே ஒருவரும் வரமாட்டார்கள் என்ற பயம்.

ஊர் என்றால் எனக்கு முதலில் மச்சாள். என்னவரின் அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. நான் சேலை மாற்றினாலே வேலிக்கு மேலால் தலை தெரியும்.

“எங்கை பிள்ளை வெளிக்கிட்டிட்டாய்?”

“மருதனார்மடத்துக்கு மச்சாள். ஆஞ்சநேயரிட்டை.”

“வரேக்கை எனக்கும் வடை கொண்டு வா.”

வாயில் வந்த பொய்க்கு வடையும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து கிளினிக் முடிந்தால் நேரே டவுணில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குப் போவேன். “வெங்காயம் போடாத வடை இருக்கோ?” கோயில் வடையில் வெங்காயம் இருக்காதே! என் ஊரைக் கேட்ட கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “வெங்காயம் விளையிற புத்தூரிலை இருந்து வந்து வெங்காயம் வேண்டாம் எண்டுறியளே அக்கா!”

வாழையிலையில் சுற்றி, கொஞ்சம் செந்தூரமும் வைத்துக் கொடுப்பேன். மச்சாள் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார். ஏன் சனிக்கிழமையில் போவதில்லை என்று ஒருமுறை கேட்டார். சனியில் சனநெரிசல் என்றேன். நம்பிவிட்டார், பாவம்.

கிளினிக்கில் எனக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பாப்பிலோமா என்று ஒரு வைரஸ், உடலுறவால் தொற்றி, கருப்பைக் கழுத்தில் வந்து குந்துவது. கலியாணம் கட்டிய பெண்கள் பலருக்கும் எப்போதாவது வந்து, பெரும்பாலும் தானாகவே போய்விடுமாம். என்னைப் போன்றவர்களின் உடம்பிலிருந்து அது இலேசில் போகாது. போகாமல் கிடந்தால் புற்றுநோயில் கொண்டுபோய் விடலாம். அதனால் விடாமல் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இந்த வருடம் எங்கள் பகுதிக் குடும்பநல மாது, மச்சாளின் வயதுக்காரருக்கும் அதே சோதனை செய்கிறார்கள் என்று வந்து சொன்னார். அதன் பிறகு அவருடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே மச்சாள் வாழைத் தோட்டத்துக்குள் மறைந்துவிடுவார். “நானும் செய்யப்போறன், துணைக்கு வாங்கோ” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு ஒன்றுமில்லை. மச்சாளுக்கு அந்த வைரஸ் இருந்தது.

“நான் ஒரேயொரு மனுசனோடை குடும்பம் நடத்தினவள். எனக்கேன் உந்தக் கோதாரி?” தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எங்கேயோ, எப்போதோ தொற்றி, வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் கிடக்கும், ஆரையும் குற்றம் சொல்ல ஏலாது என்று மாது எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியாஸ்பத்திரியில் உருப்பெருக்கியால் பார்த்து, புற்றுநோயாக முன்னமே சுகப்படுத்தலாம் என்றார். “அங்கை போய் நிண்டால் சனம் என்ன கதைக்கும்? நான் வரேல்லை.” மறுபடியும் வாழைத் தோட்டம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பேச்சுக்குப் பயந்து இந்த மனுசி உயிரை விடப்போகிறாளே! நேரே அவருடைய குசினிக்குப் போனேன். சொதிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

“மச்சாள், எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. உங்கடை தம்பிக்கும் இருக்கு.”

கத்தி நின்றது.

“நான் போறது கோயிலுக்கில்லை, கிளினிக்குக்கு. ஒருமுறையும் விடேல்லை. அதாலைதான் இப்பிடி நிக்கிறன். நீங்கள் ஒரேயொருக்கால் வாங்கோவன்.”

மச்சாள் கத்தியைக் கீழே வைத்தார். வெளியே போ என்றால் போவதற்கு ஆயத்தமாக நின்றேன்.

“அப்ப உந்த வடை?”

“கடை வடை.”

“அடி விசரி! நான் கண்ணிலை ஒத்தி ஒத்தியெல்லோ திண்டனான்! விரத நாளிலையும்!” வெங்காயத் தோலை அள்ளி என்மேல் எறிந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிறகு மெல்லக் கேட்டார்: “தம்பி நல்லா இருக்கிறானோ?”

“ஓம், நல்லா இருக்கிறார்.”

“நாளைக்கு எத்தினை மணிக்கு பஸ்?”

பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது, கருப்பைக் கழுத்தில் சின்னதாக ஒரு இடம்தான் மாறியிருந்ததாம். அதை அகற்றிவிட்டு, பிறகும் வந்து காட்டச் சொன்னார்கள். மச்சாள் தெம்பானதும் ஒரு சனிக்கிழமை என்னை மருதனார்மடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். உண்மையான கோயில் வடையை வாங்கி, ஒரு துண்டு பிய்த்துத் தன் கையாலேயே என் வாயில் வைத்தார். மற்றதைத் தான் கடித்தார். கல்லுப்போல இருந்தது. இருவரும் வெகுநேரம் சப்பினோம்.

“ஆஞ்சநேயர் குறை நினைக்கக் கூடாது,” என்றார் மச்சாள், “உன்ரை கடை வடைதான் ருசி. அடுத்த கிளினிக்குக்குப் போகேக்கை வாங்கி வா. வெங்காயம் போட்டதாய் வாங்கு.”