நாலு முதல் நாலரை வரை

ஜெராக்ஸ் கடைக்காரருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. பத்தொன்பது வயதில் விட்டுப்போனது. கனமான புத்தகங்களைப் படித்து, வீட்டில் சண்டை போட்டு, ஊரைக் கூட்டி அறிவித்தெல்லாம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அசதியில் படுத்திருந்தார், அடுத்த ஞாயிறும் படுத்திருந்தார், அவ்வளவுதான். இப்போது நாற்பத்திரண்டு வயதாகிறது. ஏன் விட்டாய் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணம்கூட அவரிடம் இல்லை.

ஆனால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து நாலரை வரை அவர் கடையை விட்டு அசையமாட்டார். டீ குடிக்கப் போகமாட்டார். டோனர் தீர்ந்து மெஷின் கத்தினாலும் நாலரைக்கு மேல்தான் வாங்கப் போவார். மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டாலும் அதே கதைதான். காரணம் மனைவிக்கு மட்டும் தெரியும். “இல்லாத சாமிக்குப் பயப்படுற ஒரே ஆளு நீங்கதான்,” என்பாள். அவரும் சிரித்து வைப்பார்.

காரணம் முப்பத்தோரு வருஷம் பழையது. அப்போது அவர் சபையின் இளையோர் சங்கத்தில் இருந்தார். பதினோரு வயதுப் பையனை இளைஞன் என்று சொல்ல அவர்களுக்குத்தான் மனசு வரும். சங்கத்தில் மொத்தம் இருபத்து நாலு பிள்ளைகள். ஆளுக்கொரு பட்டப்பெயர். இவர் ‘சுண்டெலி’. நடத்தியவர் எப்போது பார்த்தாலும் தோளில் கிட்டாரோடு திரிந்ததால் ‘கிட்டார் அண்ணன்’. கிட்டார் அண்ணன் நல்ல மனிதர்தான். அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் அவர் சொன்னதையெல்லாம் எப்போதோ உதறிவிட்டுப் போயிருக்கலாம்.

சங்கத்தில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு நோய் முற்றிவிட்டது. பஸ் ஓட்டுகிற மனிதர். அவருக்காகச் சங்கிலி ஜெபம் என்று முடிவானது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மாலை ஆறு மணி வரை, ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம், அவரவர் வீட்டில் முழங்கால் போட்டு வேண்டவேண்டும். ஒருவர் எழுந்திருக்கும்போது இன்னொருவர் முழங்காலில் இருப்பார். நோயாளியின் மகளுக்கும் அரை மணி நேரம் உண்டு. கிட்டார் அண்ணன் நிஜமாகவே ஓர் இரும்புச் சங்கிலியைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். “ஒரே ஒரு கண்ணி விட்டுப்போச்சுன்னா போதும். அதுக்கப்புறம் யாரு என்ன கேட்டாலும் மேல போகாது. புரியுதா?” என்றார். எல்லோரும் புரிகிறது என்று தலையாட்டினார்கள்.

சுண்டெலிக்குக் கிடைத்தது நாலு முதல் நாலரை. அன்றைக்குப் பார்த்து எதிர் வீட்டில் புதிதாக வீடியோ கேம் வாங்கியிருந்தார்கள். மூன்றரைக்கு எட்டிப் பார்க்கப் போனான். தெருவில் யாருமே தாண்டாத மூன்றாவது கட்டத்தைத் தாண்டிவிட்டு நிமிர்ந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். ஆறு மணிக்குக் கிட்டார் அண்ணன் சைக்கிளில் வந்து, “போயிட்டாருடா,” என்று சொல்லி அழுதார். அடுத்த கூட்டத்தில், “நம்மள்ல யாரோ சங்கிலிய விட்டுட்டோம்,” என்றார். யாரும் கையைத் தூக்கவில்லை.

பிற்பாடு நம்பிக்கை வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. இதை மட்டும் எடுத்துப்போக மறந்துவிட்டது. ஜெபத்தால் யாரும் பிழைக்கமாட்டார்கள் என்று அவருக்குச் சர்வ நிச்சயமாகத் தெரியும். தான் ஜெபம் செய்யாததால் ஒரு மனிதர் செத்துப்போனார் என்பதும் அதே அளவுக்கு நிச்சயமாகத் தெரியும். இரண்டும் எப்படி ஒரே மண்டைக்குள் இருக்கமுடியும் என்று கேட்டால், இருக்கிறதே, என்ன செய்ய? யோசித்து யோசித்து அவர் ஓய்ந்துவிட்டார்.

இப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் ஒரு பெண் பிளாஸ்டிக் உறையில் பழைய தாள்களோடு கடைக்கு வந்தாள். நரையை மறைக்காத தலை, தூக்கம் பார்த்து நாளான கண்கள். “எல்லாத்துலயும் மூணு காப்பி வேணும். அம்மாவ அண்ணன்கிட்ட வெளிநாட்டுக்கு அனுப்பணும். எழுத்து தெளிவா இல்லேன்னு ஆபீஸ்ல ரெண்டு தடவை திருப்பிட்டாங்க,” என்றாள்.

திருப்பி அனுப்பிய தாளைத் தனியாக எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த இறப்புத் தாள். பழுத்து, மடிப்பில் கிழிந்து, பேனா மை வெளிறிப்போயிருந்தது. கண்ணாடி மேல் கவிழ்த்து ஒரு காப்பி எடுத்தார். அச்சடித்த எழுத்து வந்தது, கையால் எழுதியது வரவில்லை. மையின் அழுத்தத்தை இரண்டு படி கூட்டினார், அளவைப் பெரிதாக்கினார். தாள் வெளியே வந்தது. பெயரைப் படித்தார். அதே பஸ் டிரைவர். அதே தேதி.

அடுத்த வரி, இறந்த நேரம். பிற்பகல் 2.10.

மூலத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு பத்துதான். நாலு மணிக்குச் சுண்டெலி எதிர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மனிதர் போய்ச் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. செத்துப்போனவரைத்தான் மற்ற பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் வரை காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கிட்டார் அண்ணன் மேல் கோபம் வரவேண்டிய இடம் இது. அதற்குக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்பாடா என்று இருந்தது, முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக.

“என்னாச்சுங்க? அதுவும் வரலையா?” என்றாள்.

“வந்துடுச்சு. நீ... கீச்சுதானே? இளையோர் சங்கத்துல கீச்சுன்னு பாடுவியே?”

அவள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு அவரை அளந்து பார்த்தாள். “சுண்டெலி! என்னடா இது, இவ்ளோ பெருசா ஆயிட்டே? எலிங்கறது போயி மூட்டையாட்டம் இருக்கே!”

இருவரும் சிரித்தார்கள். சங்கம், சபை எல்லாம் இப்போது உண்டா என்று அவர் கேட்க, இருபது வருஷமாகக் கிடையாது என்று அவள் கையை விரித்தாள். அவளும் இவரைப் போலத்தான், சத்தமில்லாமல் விட்டவள். சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை.

“அப்பா ரெண்டு பத்துக்கே போயிட்டாரா? எங்களுக்குத் தெரியவே தெரியாது. நாங்க பாட்டுக்கு ஆறு மணி வரைக்கும்...”

அவள் சிரிப்பு நின்றுபோனது.

“எனக்கு அன்னிக்கே தெரியும். ரெண்டுலேர்ந்து ரெண்டரை என்னோட முறை,” என்றாள்.

அவர் கையிலிருந்த காப்பியை மேஜைமேல் வைத்தார்.

“நான் என்ன கேட்டேன்னு யாருக்கும் தெரியாது, சுண்டெலி. ரெண்டு மாசமா வீட்டுல ராவும் பகலும் கத்துவாரு. வலி. அன்னிக்குக் காலையிலதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சமையல்கட்டுல முட்டி போட்டேன். ‘போதும், எடுத்துக்கோங்க’ன்னு கேட்டேன். அவரு வலி தீரணும்னு இல்லடா. எனக்குத் தூக்கம் வந்துச்சு. அவரு திரும்பி வந்தா மறுபடி தூங்க விடமாட்டாருன்னு கேட்டேன். பத்தே நிமிஷம். கேட்டது கெடச்சிடுச்சு.”

அந்த நேரத்தில் அவர் மனதில் முதலில் வந்தது இரக்கம் இல்லை. ‘அப்போ நான் இல்லை, இவள்தான்’ என்றுதான் வந்தது. வந்த வேகத்தில் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

“பன்னெண்டு வயசுப் பிள்ளை கேட்டா ஒரு ஆளு செத்துடுவாரா? நாமதான் இதையெல்லாம் நம்புறது இல்லையே,” என்றார்.

“எனக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை எனக்கு நானே சொல்லிப் பாத்துட்டேன். கேக்குறப்போ சரியாத்தான் இருக்கு. படுத்தா போதும், கண்ணு முழிச்சுக்குது. இப்போ அம்மாவ அனுப்புறதும் அதுக்குத்தான் போல. அது முகத்தைப் பாக்கவே முடியல.”

நியாயம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? இதே நியாயத்தை அவரும் தனக்குச் சொல்லிச் சொல்லிச் சலித்தவர்தான். இவளிடம் எடுபடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது கிட்டார் அண்ணன் போட்ட சட்டம். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. விடுதலை கிடைத்து முழுசாய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

“கீச்சு, உன் முறைக்கு முன்னாடி யாரு முறை, ஞாபகம் இருக்கா?”

“பல்லன். ஒண்ணரைலேர்ந்து ரெண்டு.”

“அவன் இல்ல. அவனுக்கு மேட்ச் இருந்துச்சு. என் நாலு மணிய அவன் எடுத்துக்கிட்டு ஒண்ணரைய எனக்குக் கொடுத்துட்டான். கிட்டார் அண்ணனுக்குக்கூடத் தெரியாது.” வாழ்க்கையில் இவ்வளவு சரளமாக அவர் பொய் சொன்னதில்லை. “நான் முட்டி போடவே இல்ல. எதிர் வீட்டுல கேம் ஆடிட்டு இருந்தேன். சங்கிலி ஒண்ணரைக்கே அறுந்துடுச்சு.”

அவள் அவரையே பார்த்தாள்.

“கிட்டார் அண்ணன் என்ன சொன்னாரு? ஒரு கண்ணி விட்டா அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் மேல போகாது. நீ கேட்டது சமையல்கட்டைத் தாண்டல, கீச்சு. போயிருக்கவே முடியாது.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

“அரை மணி நேரம் முழுசாவா? நடுவுல ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?”

“ஒரு வார்த்தைகூட இல்ல.”

நாற்பத்து மூன்று வயதுப் பெண், எதையும் நம்பாதவள், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் நின்ற கல்லூரிப் பையன் கையிலிருந்த தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். அழுது முடித்து அவள் நிமிர்ந்தபோது அந்தக் கண்களில் ஒரு நிமிடம் சுத்தமான கோபம் இருந்தது. ‘அப்போ நீதானா?’ என்கிற கோபம். அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். பிறகு அதுவும் தணிந்தது.

அவர் மற்றத் தாள்களையும் மூன்று மூன்றாக எடுத்து, அடுக்கி, உறையில் போட்டுக் கொடுத்தார். அவள் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“அம்மா இப்பவும் கேக்கும். ‘எந்தப் பிள்ளைடி அன்னிக்கு விட்டுச்சு’ன்னு. போற வயசுல ஒரே கேள்வி. கேக்குறப்பல்லாம் நான் எழுந்து வெளிய போயிடுவேன்.” தயங்கினாள். “சொல்லட்டுமா?”

பதினோரு வயதிலிருந்து அவர் பயந்ததெல்லாம் இந்த ஒன்றுக்குத்தான். அந்த வீட்டு அம்மாவின் காதுக்கு விஷயம் போய்விடக் கூடாது என்று, அவர்கள் தெருப் பக்கமே போகாமல் எத்தனை வருஷம் சுற்றிப் போயிருக்கிறார்!

“சொல்லு,” என்றார்.

“சுண்டெலின்னா அதுக்குத் தெரியாதுடா. உன் நெஜப் பேரு எனக்கே தெரியாது.”

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். இனிஷியலோடு, அந்த அம்மாவின் வயதான கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில், தன் பெயரை எழுதி அவளிடம் கொடுத்தார்.