ஐந்து பேருக்கான ஸ்பிரிங்

இந்த ஊரில் கார் திருத்துகிறவர், காருக்கு என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன் அதில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள் என்று கேட்கிறார். மொன்றியலில் பனி கரைந்ததும் தெருவெல்லாம் குழியும் கிடங்கும். அப்படி ஒன்றில் விழுந்து என் வேனின் பின்பக்க ஸ்பிரிங் முறிந்துபோக, லாசாலில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். மார்செல் என்கிற மெக்கானிக் மென்மையானது, நடுத்தரம், பாரம் தாங்குவது என்று மூன்று வகை இருப்பதாகச் சொன்னார். "ஃபமி?" என்று கேட்டார். குடும்பம்தான், ஐந்து பேர் என்றேன்.

அது பொய்யில்லை. நான், ரஞ்சினி, மூன்று பிள்ளைகள். அவர்கள் நால்வரும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். வந்திறங்கும் நாளில் சொந்த வண்டியில் கூட்டிவர வேண்டும் என்ற ஆசையில், ஆள் வருமுன்னே வேனை வாங்கிய அவசரக்காரன் நான். வாங்கி மூன்று வருடமாகிறது.

மன்னாரில் நான் ஹயர் கார் ஓடியவன். அங்கே ஸ்பிரிங் விடயத்தில் மென்மை என்ற பேச்சுக்கே இடமில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஐந்து பேர் என்று சொல்லிக் கூப்பிடுவார்கள்; போய்ப் பார்த்தால் வீட்டு வாசலில், படலையடியில் பதினொரு பேரும் ஓர் அரிசி மூட்டையும் நிற்கும். ஆகவே இருப்பதில் தடித்ததைப் போட்டு, போதாதென்று இன்னொரு தகடும் சேர்த்துக் கட்டுவோம். அந்தப் பழக்கத்தில் மார்செலிடமும் பாரம் தாங்குவதையே கேட்டேன். பெட்டிகளும் வருமல்லவா!

வெறும் வேன் குதிரை மாதிரித் துள்ளியது. வேலைக்கு என்னோடு வரும் மரியதாஸ் அண்ணை இரண்டாம் நாளே முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உது பாரம் ஏத்துறவங்கள் போடுற சாமான். பின்னுக்கு நாலு பேர் இருந்தாத்தான் அமரும்."

சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். தொழிற்சாலை வரும்வரை யன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கிழமை முடியுமுன் விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மருத்துவச் சோதனைகள் காலாவதியாகிவிட்டன, நால்வரும் மறுபடி எடுக்க வேண்டுமாம். மூன்றாவது முறை. அன்று எனக்கு நம்பிக்கையெல்லாம் விட்டுப்போனது. மறுநாள் வேனைத் திரும்பக் கொண்டுபோய், இது சரிவரவில்லை, மாற்றித் தாருங்கள் என்றேன். மார்செல் பின்கதவைத் திறந்தார். கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் உறை இருக்கைகளில் இன்னும் கழற்றாமல் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எத்தனை பேர் என்று மீண்டும் கேட்டார். இந்த நாட்டில் நான் நிரப்பிய எந்தப் படிவத்திலும் எழுதாததை அவரிடம் சொன்னேன். ஓர் ஆள்தான் என்றேன். மென்மையானதை எடுத்து வந்து பூட்டினார்.

ஞாயிறு காலை பூசைக்குப் போகுமுன் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தேன். நான் விட்டுவரும்போது தவழ்ந்துகொண்டிருந்த கடைசி மகள் ரிசீவரைப் பறித்துக்கொண்டாள்.

"அப்பா, வான் திருத்தியாச்சோ?"

"ஓம் பிள்ளை. இப்ப துள்ளாது."

"யன்னல் கரை எனக்கு. அண்ணாவுக்குக் குடுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்!"

"ஓம், உனக்குத்தான்" என்றேன். நால்வரும் பெட்டிகளோடு ஏறினால், அந்த வேனின் பின்பக்கம் இனி நிலத்தில் உரசும்.